கிராண்ட் கேன்யனில் யாருடைய புகை?

அரிசோனாவில் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து செங்குத்தாக ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் கீழே கொலராடோ ஆறு ஓடுகிறது. தூசு துளியும் இல்லாத காற்றில், காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது மட்டுமே தடை என்றால், அந்த உயரத்தில் 390 கிலோமீட்டர் வரை பார்வை எட்டும் என்பது கணக்கு. அந்தக் காட்சிக்காகத்தான் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் 1970களிலும் 80களிலும், குறிப்பாகக் குளிர்காலத்தில், பல நாட்கள் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக ஒரு மூட்டம் தேங்கி நின்றது. எதிர்க்கரைப் பாறை அடுக்குகளின் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துத் தெரிந்தன.

பூங்காவின் வடகிழக்கு எல்லையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், நவாஹோ அனல்மின் நிலையம் இருந்தது. 2,250 மெகாவாட் திறன், 236 மீட்டர் உயரத்தில் மூன்று புகைபோக்கிகள். கந்தக வாயுவைப் பிடிக்கும் சாதனம் எதுவும் அப்போது அதில் இல்லை. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது, புகைபோக்கி அங்கே, மூட்டம் இங்கே என்றுதான் யாருக்கும் தோன்றும். தேசியப் பூங்காக்களில் மனிதர்களால் உண்டான மூட்டத்தை நீக்கியாக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1977லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த நிலையத்தின் மேல் ஆணை வந்தது 1991ல். பதினான்கு வருடத் தாமதத்துக்கு அரசியலும் வழக்குகளும் ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த நிலப்பரப்பு. மலையும் மேடும் பள்ளமுமான இடத்தில் புகை எங்கே போகிறது என்று சொல்வது, சமவெளியில் சொல்வதைப்போல அல்ல.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அங்கே பார்வையை மறைத்தது கரும்புகை இல்லை. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து சல்பர் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாத வாயு அது. காற்றில் போகப்போக அதில் ஒரு பகுதி சல்பேட் துகளாக மாறுகிறது. இந்தத் துகள்களின் அளவு ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமானது என்பதால் ஒளியை மிக நன்றாகச் சிதறடிக்கும். காற்றில் ஈரம் ஏறினால் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து இன்னும் அதிகமாகச் சிதறடிக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் ஓரிரு மைக்ரோகிராம் இருந்தாலே போதும். நகரத்தில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அழுக்கு வேட்டியில் மைத்துளி விழுந்தால் தெரியாது, சலவை வேட்டியில் விழுந்தால் தெருவே பார்க்கும். கேன்யன் சலவை வேட்டி.

சரி, காற்றுக்கு வருவோம். தமிழில் காற்றுக்குத் திசையை வைத்துப் பெயர் உண்டு: வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. மலைப் பகுதியில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் தடுமாறும், ஏனென்றால் அங்கே காற்று திசையைவிட நேரத்துக்குத்தான் அதிகம் கட்டுப்படுகிறது. பகலில் வெயில் பட்டுச் சரிவு சூடாகிறது. அதை ஒட்டிய காற்று லேசாகி மேலே ஏறுகிறது. இரவில் சரிவு குளிர, ஒட்டியிருக்கும் காற்று கனத்துத் தண்ணீரைப்போல வழிந்து பள்ளத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே வடிகிறது. வானிலை வரைபடத்தில் அந்த வட்டாரம் முழுவதற்கும் மேற்குக் காற்று என்று ஒரே அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பள்ளத்தாக்குக்குள் காற்று வடக்கிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருக்கும். இரண்டுமே உண்மை, உயரம் மட்டும்தான் வேறு.

குளிர்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பள்ளத்தில் தேங்கிய குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடும். வழக்கமாக மேலே போகப்போகக் குளிரும், இங்கே தலைகீழ். அப்படிப்பட்ட அடுக்கில் காற்று மேலும் கீழும் கலப்பதே இல்லை. உயரமான புகைபோக்கியிலிருந்து வரும் புகை விரிந்து நீர்த்துப்போகாமல், மெல்லிய நாடாபோல ஒரே மட்டத்தில் பல கிலோமீட்டர் போகும். எதிரே ஒரு மேடு வந்தால் ஏறிக் கடக்க அதற்குப் போதிய வேகம் வேண்டும். வேகம் இல்லாவிட்டால் முட்டி நிற்கும், அல்லது இடைவெளி தேடிச் சுற்றிக்கொண்டு போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோயம்புத்தூர்ப் பக்கம் என்ன வேகத்தில் அடிக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, மலைச்சுவரில் ஒரு திறப்பு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதனால் மலைநாட்டில் தூரம் என்பது ஏமாற்று வேலையாகிவிடுகிறது. 25 கிலோமீட்டரில் இருக்கும் புகைபோக்கி பல நாட்கள் கேன்யனைத் தொடாமலே போகலாம். 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் தொடலாம். அந்த நகரம் ஒரு பக்கம் கடலும் மற்ற பக்கங்களில் மலையுமாக ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. கோடைப் பகலில் கடற்காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போய் மலைச்சுவரில் மோதுகிறது. ஒரு பகுதி கணவாய்கள் வழியாகப் பாலைவனத்துக்குள் நுழைகிறது. இன்னொரு பகுதி வெயிலில் சூடான மலைச்சரிவையே புகைபோக்கியாக்கிக்கொண்டு மேலே ஏறி, உயரத்தில் வீசும் காற்றோடு சேர்ந்துவிடுகிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில் ஒரு ருசியான துப்பு இருக்கிறது. மெத்தில் குளோரோஃபார்ம் என்று ஒரு கரைப்பான், தொழிற்சாலைகளில் உலோகப் பாகங்களைச் சுத்தம் செய்யப் பயன்பட்டது. தென்மேற்குப் பாலைவனத்தில் அதைப் பயன்படுத்த ஆளே இல்லை, பயன்படுத்தியது எல்லாம் தெற்குக் கலிபோர்னியா. ஆகவே பாலைவனத்தின் நடுவில் நெவாடாவின் ஸ்பிரிட் மலையில் அதன் அளவு ஏறினால், நகரத்துக் காற்று வந்திருக்கிறது என்று பொருள். யாரும் வேண்டுமென்று வைக்காத முத்திரை. (பின்னால் ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அது தடைசெய்யப்பட்டதால், இந்த வழியும் மூடிவிட்டது.)

யாரும் திட்டமிடாத இன்னொரு சோதனை 1980ல் நடந்தது. அரிசோனாவையும் அதைச் சுற்றியும் தாமிர உருக்காலைகள் நிறைய. சல்பர் டை ஆக்சைடு வெளியிடுவதில் அவை மின்நிலையங்களையும் மிஞ்சியவை. அந்த ஆண்டுக் கோடையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, உலைகள் மாதக்கணக்கில் அணைந்தன. தொலைவில் இருந்த பூங்காக்களில் சல்பேட் தெளிவாகக் குறைந்தது. கோடிக்கணக்கில் பணம் கொட்டினாலும் எந்த விஞ்ஞானியும் இப்படி ஒரு சோதனையை நடத்தியிருக்க முடியாது. ஆனால் இது உருக்காலைகள் மொத்தத்தைப் பற்றித்தான் பேசும். ஒரு குறிப்பிட்ட புகைபோக்கியைக் கூண்டில் ஏற்ற இது போதாது.

அதற்கு அந்தப் புகையிலேயே அடையாளம் போட வேண்டும். 1987 ஜனவரி, பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறை முன்னின்று நடத்திய வைட்டெக்ஸ் என்ற சோதனை அதைத்தான் செய்தது. மீத்தேனில் உள்ள சாதாரண ஹைட்ரஜன் நான்குக்கும் பதிலாகக் கனமான டியூட்டீரியம் வைத்தால் கிடைக்கும் வாயு இயற்கையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்காரர்கள் இதைக் காற்றின் தடம் காட்டும் வாயுவாகப் பயன்படுத்தலாம் என்று முன்பே காட்டியிருந்தார்கள். அதை நவாஹோ நிலையத்தின் புகையோடு கலந்துவிட்டு, தெற்கு விளிம்பில் ஹோப்பி முனை என்ற இடத்தில் காற்றைப் பிடித்துச் சோதித்தார்கள். கனமான மீத்தேன் கிடைத்தது. புகை கேன்யனுக்கு வருகிறது என்பதில் அதன்பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

சண்டை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. வருகிறது, சரி. எவ்வளவு வருகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. புகைபோக்கியில் ஒரு பங்கு அடையாள வாயுவுக்கு எத்தனை பங்கு கந்தகம் என்பது தெரியும். விளிம்பில் அடையாள வாயுவை அளந்தால், அதோடு எவ்வளவு கந்தகம் வந்திருக்க முடியும் என்று பெருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் அடையாள வாயு புறப்பட்டபடியே வந்து சேரும், கந்தகம் அப்படி இல்லை. வழியில் ஒரு பகுதி மண்ணிலும் பனியிலும் படிகிறது. ஒரு பகுதி வாயுவாகவே வந்து சேர்கிறது, அது பார்வையை மறைப்பதில்லை. மறைப்பது சல்பேட்டாக மாறிய பகுதி மட்டும். உலர்ந்த குளிர்காலக் காற்றில் இந்த மாற்றம் மணிக்கு ஒரு சதவீதம்கூட எட்டாது. அதே புகை ஒரு மேகத்துக்குள் நுழைந்துவிட்டால், நீர்த்துளிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சில மணி நேரத்தில் பெரும்பகுதியை மாற்றிவிடும். குளிர்காலத்தில் சில காலைகளில் கேன்யனே விளிம்புவரை மேகத்தால் நிரம்பி நிற்கும். மேலேயிருந்து படம் எடுப்பவர்களுக்கு அது கொண்டாட்டம், புகை அதற்குள் இறங்கிவிட்டால் அதுவே சல்பேட் கொப்பரை. ஆக, புகை எந்தப் பாதையில் வந்தது என்பது மட்டும் போதாது. அந்தப் பாதையில் எத்தனை மணி நேரம் மேகத்துக்குள் இருந்தது என்றும் தெரிய வேண்டும். அடையாள வாயு அதைச் சொல்லாது.

வைட்டெக்ஸ் குழு இந்த இடைவெளியைப் புள்ளியியலால் நிரப்பப் பார்த்தது. ஈரப்பதத்தை மேகத்துக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு, அடையாள வாயுவோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, மோசமான நாட்களில் சல்பேட்டில் பெரும்பங்கு இந்த நிலையத்தினுடையது என்று சொன்னது. நிலையத்தை நடத்தியவர்கள் 1990 குளிர்காலத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு நடத்தி, கந்தகத்தைப் பிடிக்கும் சாதனம் வைத்தாலும் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக எதுவும் மாறாது என்றார்கள். தேசிய ஆராய்ச்சிக் குழுமம் நடுவராக உட்கார்ந்து 1990ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. சில நேரங்களில் இந்த நிலையம் கேன்யன் மூட்டத்துக்குக் குறிப்பிடத்தக்க அளவு காரணமாக இருந்தது உண்மை, ஆனால் எத்தனை பங்கு என்பதை வைட்டெக்ஸ் அளவிட்டு நிறுவவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. இரண்டு தரப்பும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் மேற்கோள் காட்டிக்கொண்டார்கள்.

என் பார்வையில், அந்தத் தீர்ப்பு நழுவல் இல்லை. அறிவியல் அந்த நேரத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். மீதியை முடிவு செய்ய வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முதலில் முன்வைத்தது கந்தக வாயுவில் 70 சதவீதக் குறைப்பு, ஒவ்வொரு 30 நாள் சராசரியாகக் கணக்கு. பேச்சுவார்த்தையில் வந்த முடிவு 90 சதவீதம், ஆனால் ஓராண்டுச் சராசரி. கேட்டால் விசித்திரமாக இருக்கும், அதிகக் குறைப்புக்குச் செலவு அதிகமாகவில்லை. 30 நாள் கணக்கு என்றால் சாதனம் பழுதாகும் நாட்களுக்காக உபரிச் சாதனம் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஓராண்டுக் கணக்கில் மோசமான வாரத்தை நல்ல வாரம் ஈடுகட்டிவிடும். 1991ல் ஆணை வந்தது, எதிர்த்துப் போட்ட வழக்கு 1993ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது, 1990களின் இறுதியில் மூன்று அலகுகளிலும் சாதனங்கள் இயங்கத் தொடங்கின.

இந்தக் கசப்பிலிருந்து கற்றுக்கொண்டு அடுத்த சோதனையை வேறு மாதிரி அமைத்தார்கள். இந்த முறை சந்தேகத்துக்கு உள்ளானது நெவாடாவின் தென்முனையில் லாக்லின் ஊரில் இருந்த மொஹாவி மின்நிலையம். கேன்யனிலிருந்து தென்மேற்கே சுமார் 120 கிலோமீட்டர், கொலராடோ ஆற்றங்கரையில். இதற்கு நிலக்கரி வந்த விதமே தனிக்கதை. பிளாக் மேசா பீடபூமியில் வெட்டி, பொடித்து, நிலத்தடி நீரில் குழம்பாகக் கரைத்து, 439 கிலோமீட்டர் குழாயில் தள்ளினார்கள். பாலைவனத்தில் வாழும் ஹோப்பி, நவாஹோ மக்களின் தண்ணீர் அது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

1992ல் குளிர்காலத்திலும் கோடையிலுமாக நடந்த இந்த ஆய்வில் கனமான மீத்தேனுக்குப் பதில் பெர்ஃபுளோரோகார்பன்கள். இவை எதோடும் வினைபுரியாதவை, மழையில் கரையாதவை, காற்றில் இயற்கையாகக் கிடையாதவை. ஜேம்ஸ் லவ்லாக் 1957ல் உருவாக்கிய எலெக்ட்ரான் பிடிப்புக் கருவியால் இவற்றை நம்ப முடியாத அளவு நுணுக்கமாகப் பிடிக்கலாம். ஆயிரம் லட்சம் கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலும் போதும். பெரிய வசதி என்னவென்றால் இதில் பல வகைகள் உண்டு, ஒன்றையொன்று குழப்பாமல் பிரித்து அறியலாம். திருவிழாவில் நான்கு தெருவுக்கு நான்கு நிறக் காகிதம் கட்டினால், காற்றில் பறந்துவந்த கிழிசல் எந்தத் தெருவுடையது என்று நிறமே சொல்லிவிடும் அல்லவா? அதுபோல மின்நிலையப் புகைபோக்கியில் ஒன்று, கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்குக் காற்று பாலைவனத்துக்குள் வரும் வழியான தெஹாச்சப்பி கணவாயில் வேறொன்று, மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் சென்ட்ரோவில் இன்னொன்று. பிடிப்பதற்குச் சுமார் 30 நிலையங்கள்.

கிடைத்த விடை அழகானது. குளிர்காலத்தில் கொலராடோ பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று ஆற்றின் போக்கிலேயே தெற்கே வடிந்தது. மின்நிலையப் புகையும் அதோடு தெற்கே, அதாவது கேன்யனுக்கு முதுகைக் காட்டிப் போனது. கோடையில் தெற்குக் காற்று அதே பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு எதிராக ஏறி, மீட் ஏரிப் பக்கம் திரும்பி, கேன்யனின் மேற்கு வாசலில் இருக்கும் மீட்வியூ நிலையத்துக்குப் புகையைக் கொண்டுவந்தது. ஒரே புகைபோக்கி, ஒரே பள்ளத்தாக்கு. ஆனி ஆடியில் குற்றவாளி, தை மாதத்தில் நிரபராதி. சல்பேட்டில் அதன் சராசரிப் பங்கு சிறிதுதான், குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் கணிசமாக ஏறியது. மொத்த மூட்டத்தில் தொலைதூர நகரங்கள், தொழில்களின் பங்கு இதைவிடப் பெரியது.

இந்த ஆய்வின் அதிகம் பேசப்படாத முடிவு வேறு. அடையாள வாயு அளவீடுகளைக் கண்ணில் காட்டாமல் வைத்துக்கொண்டு, கணினி மாதிரிகள் வைத்திருந்தவர்களிடம் முதலில் உங்கள் விடையைச் சொல்லுங்கள் என்றார்கள். அப்புறம்தான் உறையைப் பிரித்தார்கள். எந்த நாளில் எந்த இடத்தில் எவ்வளவு என்பதை எந்த முறையும் சரியாகச் சொல்லவில்லை. காரணம் பெரிய மர்மம் இல்லை. அக்கால வானிலை மாதிரிகளின் கட்டம் ஒவ்வொன்றும் பல பத்து கிலோமீட்டர் அகலம். அந்தச் சல்லடையில் பள்ளத்தாக்கே விழுந்துவிடும். மாதிரிக்கு அங்கே ஆற்றுப் பள்ளம் இருப்பதே தெரியாது, மிதமான ஒரு மேட்டு நிலம்தான் தெரியும். அதில் மேற்குக் காற்று நிம்மதியாக மேற்கிலிருந்து கிழக்கே போகும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பாவில் 1994ல் நடந்ததைச் சொல்லலாம். செர்னோபிலுக்குப் பிறகு, விபத்து மேகம் எங்கே போகும் என்று மாதிரிகளால் சொல்ல முடியுமா என்று சோதிக்க, பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் 12 மணி நேரத்தில் 340 கிலோ பெர்ஃபுளோரோகார்பனைக் காற்றில் விட்டு, 17 நாடுகளில் 168 நிலையங்களில் தேடினார்கள். பல மாதிரிகள் ஓரளவு ஒழுங்காகவே பின்தொடர்ந்தன. அந்த மேகம் பெரும்பாலும் தாழ்ந்த சமவெளியின் மேல் போனது என்பதை மறக்கக் கூடாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சமவெளியைக் கடப்பதைப் பின்தொடர முடிகிறது, நூறு கிலோமீட்டர் பள்ளத்தாக்கில் தடுமாறிவிடுகிறார்கள்.

இன்று ஒரு கிலோமீட்டர் கட்டத்தில்கூட மாதிரிகளை ஓட்டுகிறார்கள். பள்ளத்தாக்கு தெரிகிறது, பகல் காற்று நன்றாகவே வருகிறது. இரவுதான் இன்னும் தலைவலி. சரிவில் வழியும் குளிர்காற்றின் தடிமன் பல இடங்களில் சில பத்து மீட்டர்தான். அதை மாதிரி பிடிக்காவிட்டால், காலையில் புகை எங்கே நிற்கும் என்பதும் பிழையாகிவிடும்.

இதே கடிகாரம் இமயத்திலும் ஓடுகிறது. நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கில், எவரெஸ்ட் அடிவாரத்தை ஒட்டி 5,079 மீட்டர் உயரத்தில் ஒரு காற்று ஆய்வு நிலையம் 2006ல் அளவிடத் தொடங்கியது. பருவமழைக்கு முந்தைய மாதங்களில் கங்கைச் சமவெளியின் புகைமூட்டம் மலை அடிவாரத்தில் சுவர்போல நிற்கும். காலையில் மேலே காற்று சுத்தம். பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று ஏற ஏற, கரித்துகள் அளவும் ஏறுகிறது. இரவில் காற்று இறங்க, குறைகிறது. சிகரங்கள் உயரம் அதிகம், அதனால் புகை எட்டாது என்ற எண்ணம் அந்தத் தினசரி வரைபடத்தைப் பார்த்தால் போய்விடும்.

கேன்யன் கதை எப்படி முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மொஹாவி ஆய்வின் இறுதி அறிக்கை 1999ல் வந்தது. அதே ஆண்டு, சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கில் சமரசம் ஏற்பட்டது: 2005 முடிவதற்குள் மாசுக்கட்டுப்பாட்டுச் சாதனம் வை, இல்லையென்றால் மூடு. 2005 டிசம்பர் 31ல் நிலையம் நின்றது. நவாஹோ நிலையத்தை மூடியது மூட்டமல்ல, மலிவான இயற்கை எரிவாயு. 2019 நவம்பரில் உலைகள் அணைந்தன, அடுத்த ஆண்டு டிசம்பரில் மூன்று புகைபோக்கிகளையும் வெடிவைத்துச் சாய்த்தார்கள். கேன்யனில் இப்போதும் மூட்ட நாட்கள் உண்டு. காட்டுத்தீப் புகை அதில் பெரிய பங்கு எடுத்துக்கொள்கிறது. அது எங்கிருந்து வரும் என்று எந்த ஆணையும் போட முடியாது.

பெர்ஃபுளோரோகார்பன்களைக் காற்றிலிருந்து நீக்க இயற்கையிடம் சுலபமான வழி எதுவும் இல்லை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருக்கும். 1992ல் லாக்லின் புகைபோக்கியில் கலந்துவிட்டது பள்ளத்தாக்கைத் தாண்டி, உலகம் முழுவதும் பரவி, இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அது அடையாளம் காட்டிய புகைபோக்கியை 2011ல் இடித்துவிட்டார்கள்.